இல்லாத சீட்டுக்குக் கட்டிய பந்தயம்

அந்நாளில் ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்திருந்த செகந்தராபாத்தில் ஒரு பொழுதுபோக்குச் சங்கத்தில் 1963-ஆம் ஆண்டு மே மாதம் போலீஸார் புகுந்து, பணம் வைத்து ரம்மி ஆடியவர்களைப் பிடித்ததில் எழுந்த வழக்கு, சுப்ரீம் கோர்ட்டு வரை சென்று 1967 நவம்பரில் தீர்ப்பாயிற்று. விழுகின்ற சீட்டுகளை ஞாபகத்தில் வைக்கவும், எதைக் கையில் நிறுத்தி எதை எறிவது என்று தேரவும் சாமர்த்தியம் வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்ததென்றும், மூன்று சீட்டு ஆட்டமோ முற்றிலும் அதிர்ஷ்டமே என்றும் நீதிபதிகள் பிரித்துரைத்தனர். 1960 ஏப்ரல் 1 வரை அதே ஆந்திர மாநிலத்தின் சித்தூர் ஜில்லாவில் அடங்கியிருந்த அம்மையார்குப்பத்தில், தறியோசைக்கிடையே தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் அந்த நெசவூரில், மூணு சீட்டு ஆடிப் பழகிய ஒருவரிடம் இத்தீர்ப்பின் பிற்பகுதியைச் சொன்னால் அவர் அதை எளிதில் ஒப்புக்கொள்வாரென்று எனக்குத் தோன்றவில்லை. சீட்டைத் திருப்பிப் பாராமல் பிளைண்ட் ஆடுகிறவன், பார்த்து ஆடுகிறவன் கட்டுவதில் பாதி கட்டினால் போதும் என்ற விதி இருக்கும்வரை, உயர்ந்த சீட்டு வைத்திருப்பவனை மிரட்டிப் பேக் செய்யவைக்கும், அதாவது சீட்டைப் போட்டு விலகவைக்கும், வித்தைக்கும் அவ்வாட்டத்தில் இடமுண்டு. அவ்வித்தையை நீதிமன்றம் கணக்கில் கொள்ளாமல் விட்டது ஒரு குறையே என்பது என் அபிப்பிராயம்.

அவ்வித்தை சாஸ்திரமாகவே வளர்ந்திருப்பது போக்கர் ஆட்டத்தில். 2023 நவம்பர் 9-ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் ரம்மியோடு போக்கரையும் திறமையாட்டமென்று கொண்டது. 2025-இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும், இணையத்தில் பணம் வைத்து ஆடுவதையே தடுத்துவிட்டது. நான் இங்கே பேசுவது மனிதர் நேருக்கு நேர் அமர்ந்து ஆடும் மேஜையைப் பற்றி. அதிலும், ஒவ்வொருவர் கையிலும் இரண்டிரண்டு சீட்டு மட்டும் இருக்க, நடுவில் பொதுச்சீட்டு ஒன்றுகூடத் திறக்கப்படாத அந்த முதற்கட்டத்தில், பலமற்ற சீட்டை வைத்துக்கொண்டு பெருந்தொகை கட்டி எதிரியை விரட்டப் பார்க்கும் பிளஃபைப் பற்றி.

அது நியாயமான துணிவா, வெறும் அசட்டுத்தனமா என்று எப்படி நிர்ணயிப்பது? மேஜையில் கட்டாயப் பந்தயமாக 100 ரூபாயும் 200 ரூபாயும் கிடக்கின்றன. ஒருவர் 600 என்று உயர்த்துகிறார். மற்றவர் விலகிவிட, நம்மவர் 2,400 என்கிறார். கிடக்கும் 900 ரூபாயை அடைவதற்காக 2,400 ரூபாயை அபாயத்தில் வைக்கிறபடியால், 100 தடவையில் ஏறக்குறைய 73 தடவை எதிரி சீட்டைப் போட்டுவிட்டால்தான் அந்தப் பந்தயம் தனக்குத்தானே ஈடாகும். 1,800 என்று நிறுத்தியிருந்தால் 67 தடவை போதும். எதிரி விடாமல் தொடர்ந்தாலும் பின்னால் வரும் ஐந்து பொதுச்சீட்டுகளில் ஜெயிக்கச் சிறிது வழியிருந்தால் இந்த எண் இன்னும் தணியும். ஆதலால், ஒரே ஜாதியைச் சேர்ந்த ஏஸும் ஐந்தும் இதற்கு ஏற்ற சீட்டுகள், ஜாதி வேறுபட்ட ஏழும் இரண்டும் ஏலாதவை. ஏஸுக்கு மற்றுமொரு மகிமையுண்டு. எதிரிக்கு இரண்டு ஏஸ் அமையக்கூடிய வழிகள் ஆறு. நம் கையில் ஒன்று இருந்துவிட்டாலோ அவை மூன்றாகக் குறைந்துவிடுகின்றன. ஏஸும் ராஜாவும் சேர்வதற்குரிய பதினாறு வழிகள் பன்னிரண்டாகின்றன. நாம் எவற்றுக்கு அஞ்சுகிறோமோ அவை எதிரியிடம் இருக்கும் சாத்தியத்தை நம் கையே குறைத்துவிடுவதால், பிளஃபுக்குச் சீட்டே வேண்டாமென்று எண்ணுவது தவறு.

ஆயினும் கணக்கு பாதி தூரமே அழைத்துச் செல்லும். அந்த 73 என்ற எண்ணை நிரப்பவேண்டியவர் எதிரே அமர்ந்திருக்கும் மனிதர். முதலில் பேசவேண்டிய இடத்தில் இருந்துகொண்டு, தமக்குப் பின்னால் இத்தனை பேர் பேசவிருக்கிறார்கள் என்று அறிந்தும் உயர்த்தியவரா, அல்லது எல்லோரும் விலகியபின் கடைசி இடத்தில் சும்மா கிடக்கும் பணத்துக்காக உயர்த்தியவரா? முன்னவரை அசைப்பது அரிது. பின்னவர் பெரும்பாலும் சாதாரணச் சீட்டோடு இருப்பார். இரவெல்லாம் தோற்று, விட்டதைப் பிடிக்கத் தவிப்பவர் எந்தத் தொகைக்கும் விலகமாட்டார். அவரிடம் செய்யப்படும் பிளஃப், கேளாச் செவியில் ஓதிய மந்திரம். ஒரு மணி நேரமாக எல்லாச் சீட்டையும் போட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று உயர்த்தினால் மேஜை நம்பும். நாலாட்டத்துக்கு மூன்றில் உயர்த்துகிறவர் எவ்வளவு கட்டினாலும் நம்பாது. முகக்குறிப்பையும் கைநடுக்கத்தையும் பெரிதாகப் பேசுவோர் பலர். நானோ கட்டப்பட்ட தொகையையும், கட்டியவரின் முந்தைய நடத்தையையுமே மேலான சாட்சிகளாகக் கொள்கிறேன்.

முடிவைக்கொண்டு தீர்ப்புச் சொல்வது இவ்விஷயத்தில் பெரும் அநீதி. கடைசி இடத்தில் உயர்த்தியவரை ஏஸும் ஐந்தும் கொண்டு எதிர்த்து, அவர் கையில் இரண்டு ராஜா இருந்ததால் தோற்றவர் சரியாகவே ஆடினார். முதலிடத்து நிதானக்காரரை ஏழும் இரண்டும் கொண்டு விரட்டி வென்றவர் பிழையாகவே ஆடினார். இந்த அநீதிக்கு ஆட்டத்தின் விதியும் ஒரு காரணம்: எதிரி விலகிவிட்டால் வென்றவர் சீட்டைக் காட்டவேண்டியதில்லை; அகப்பட்டுத் தோற்ற பிளஃப் மட்டுமே பெரும்பாலும் கடைசியில் மேஜைமேல் திறக்கப்படுகிறது. பார்த்திருப்போர் தோல்விகளை மட்டும் எண்ணி, பிளஃப் என்றாலே பைத்தியக்காரத்தனம் என்ற முடிவுக்கு வந்துவிடுகின்றனர். ஜான் வான் நாய்மன் 1944-இல் ஆஸ்கர் மார்கன்ஸ்டர்னோடு சேர்ந்து வெளியிட்ட நூலில், பிளஃபுக்கு இரண்டு பிரயோஜனம் காட்டினார்: பலமில்லாதபோது பலமுள்ளவனாகத் தோன்றுவது ஒன்று, மெய்யாகப் பலமுள்ளபோதும் பலமில்லாதவனோ என்ற ஐயத்தை எதிரிக்கு உண்டாக்குவது மற்றொன்று. மேஜையில் திறந்து காட்டப்பட்ட அந்தத் தோற்ற ஏஸும் ஐந்தும் இரண்டாவது வேலையைச் செய்யத் தொடங்குகின்றன. அடுத்த மணி நேரத்தில், அவற்றை வைத்துத் தோற்றவருக்கு உண்மையாகவே இரண்டு ஏஸ் வந்து அவர் 2,400 என்று சொல்லும்போது, முன்னே விலகியிருக்கக்கூடியவர் இப்போது விலகாமல் பணத்தை எடுத்து வைக்கிறார்.