கறுவா போன வழியில் ஆட்கள்

கொழும்பில் சரக்கெடுத்துப் புத்தளம் போகும் வழியில், நீர்கொழும்பில் இறங்கி ஒல்லாந்தர் கால்வாயில் படகேறினேன். ஒரு காலத்தில் கறுவாப் பொதிகள் வள்ளங்களில் கொழும்புக்குச் சென்ற வழி இது. ரயிலும் லொறியும் வந்தன, சரக்கு நின்றது.

"இப்ப என்ன ஏத்துறீங்க?" என்றேன்.

"ஆக்களைத்தான் நானா. கால்வாய் பார்க்க வாறவங்கதான் எங்கட சரக்கு" என்றார் படகோட்டி.

எனக்குச் சுருக்கென்றது. 1990இல் வெளியேற்றப்பட்ட நாங்கள், யுத்தம் முடிந்து மாங்குளம் திரும்பியபோது வாப்பாவின் மொத்த வியாபாரத்தையே மீண்டும் தொடங்கினேன். கொழும்பு லொறிகளோ சில்லறைக் கடை வாசலிலேயே சரக்கை இறக்கின. மூன்று வருடம் நட்டம்.

ஏ9 வீதியில் தினமும் பஸ்கள் நிற்கின்றன. பயணிகள் தேநீர் தேடி இறங்குகிறார்கள். நான் மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கடையின் முன்பாதியைத் தேநீர்க்கடையாக்குகிறேன்.

வியாபார நண்பர்களே, உங்கள் வாசலால் இன்று போவது யார்?