வீட்டுப்பாடமும் நினைவாற்றலும்

காலை ஏழு மணி கடந்து சில நிமிடங்கள். சபைக்கூடலுக்கான மணி இன்னும் அடிக்கவில்லை. இடைநிலைப்பள்ளி ஒன்றின் முதலாம் படிவ வகுப்பறையில் ஓர் அறிவியல் பயிற்சிப் புத்தகம் மேசை மேசையாகக் கைமாறுகிறது. அதில் உள்ள ஐந்து விடைகளையும் நான்கு மாணவர்கள் விரைந்து பார்த்தெழுதுகின்றனர். முந்தைய இரவே வகுப்பின் புலனக் குழுவில் அந்தப் பக்கத்தின் படம் வந்துவிட்டது. அதைப் பார்க்கத் தவறியவர்கள்தாம் இப்போது அவசரப்படுகின்றனர். பிற்பகலில் ஆசிரியர் புத்தகங்களைத் திருத்தும்போது மூன்றாம் விடையில் ஒரே எழுத்துப்பிழை ஐந்து புத்தகங்களிலும் இருப்பதைக் காண்கிறார்.

இச்செயலைக் கண்டிப்பது எளிது, கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால், கண்டிப்போடு பேச்சு முடிந்துவிடுவதால், அந்த நால்வரும் உண்மையில் எதை இழந்தனர் என்பது பெரும்பாலும் விளக்கப்படுவதே இல்லை. புத்தகத்தில் பக்கம் நிரம்பிவிட்டது. தண்டனையும் கிடைக்காமல் போகலாம். அப்படியிருக்க இழப்பு எங்கே? அதை அறிய, வகுப்பில் கேட்ட பாடம் நினைவில் எவ்வாறு தங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஓர் இடைநிலைப்பள்ளி மாணவர் ஒரே நாளில் ஐந்து அல்லது ஆறு பாடங்களைக் கற்கிறார். கணிதத்தில் காரணிகள், வரலாற்றில் பழங்கால நாகரிகங்கள், அறிவியலில் உயிரணு, பிறகு மொழிப்பாடம் என ஒவ்வொரு பாடமும் முந்தையதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. வகுப்பில் ஆசிரியர் வெண்பலகையில் கணக்கைப் படிப்படியாகச் செய்து காட்டும்போது எல்லாம் தெளிவாகவே இருக்கிறது. “புரிந்ததா?” என்ற கேள்விக்கு வகுப்பே ஒரே குரலில் “புரிந்தது” என்கிறது. அதில் பொய் ஏதும் இல்லை. அந்த நேரத்தில் உண்மையாகவே புரிந்திருக்கிறது. மாலையில் அதே கணக்கைத் தனியாகச் செய்ய அமரும்போது இரண்டாவது படி நினைவுக்கு வர மறுக்கிறது.

இந்த மறதியை முதன்முதலில் முறையாக அளந்து பார்த்தவர்களுள் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் குறிப்பிடத்தக்கவர். பொருளற்ற அசைகளைப் பட்டியலாக்கி, தம்மையே சோதனைக்கு உட்படுத்தி, அவற்றை மனனம் செய்தார். சிறிது காலம் கழித்து அதே பட்டியலை மீண்டும் மனனம் செய்து, முதல்முறையைவிட எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். 1885ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முடிவுகளின்படி, 20 நிமிடங்களுக்குப் பிறகு 58 விழுக்காடு நேரம் மிச்சமாயிற்று. ஒரு மணி நேரத்திற்குப் பிறகு அது 44 ஆனது. ஒரு நாளுக்குப் பிறகு 34. ஒரு மாதத்திற்குப் பிறகு 21.

இந்த எண்களில் கவனிக்க வேண்டியது அவற்றின் போக்கு. மறதி முதல் சில மணி நேரத்தில் செங்குத்தாக இறங்கி, பிறகு மெதுவாகிறது. பொருளுள்ள பாடம் பொருளற்ற அசைகளைப் போல அவ்வளவு விரைவாக மறந்துவிடாது என்பது உண்மைதான். ஆயினும், காலையில் படித்தது மாலையிலேயே மங்கத் தொடங்குவது எல்லா மாணவர்களும் அறிந்த அனுபவம். அன்றைய பாடத்திற்கு அன்று மாலையே வீட்டுப்பாடம் தரும் வழக்கத்திற்கு ஒரு நியாயம் இதில் இருக்கிறது.

எப்பிங்ஹாஸ் இன்னொன்றையும் கண்டறிந்தார். பன்னிரண்டு அசைகள் கொண்ட ஒரு வரிசையை ஒரே நாளில் தொடர்ந்து 68 முறை படித்ததால் மறுநாள் கிடைத்த பயன், மூன்று நாள்களில் பிரித்து 38 முறை படித்தாலே கிடைத்தது. ஒரே இரவில் உட்கார்ந்து முழு அத்தியாயத்தையும் விழுங்க முயலும் மாணவர், ஏறத்தாழ இரு மடங்கு உழைப்பைச் செலவிடுகிறார் என்றே இதிலிருந்து சொல்லத் தோன்றுகிறது.

சரி, மாலையில் மீண்டும் படித்தால் போதுமா? இங்கேதான் பலரும் ஏமாந்துபோகின்றனர்.

2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி ஆகிய இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கல்லூரி மாணவர்களுக்குச் சிறிய அறிவியல் பகுதிகள் கொடுக்கப்பட்டன. ஒரு பகுதியை இருமுறை படித்தனர். இன்னொரு பகுதியை ஒருமுறை படித்துவிட்டு, தாளை மூடி, நினைவில் இருந்ததை எல்லாம் எழுதினர். ஐந்து நிமிடங்களுக்குப் பிறகு சோதித்தபோது, இருமுறை படித்ததே மேலாக இருந்தது: 81 விழுக்காட்டுக்கு எதிராக 75. ஆனால், ஒரு வாரம் கழித்துச் சோதித்தவர்களிடம் நிலைமை தலைகீழானது. இருமுறை படித்ததில் 42 விழுக்காடுதான் நினைவில் இருந்தது. மூடிவைத்து எழுதிப் பார்த்ததில் 56 விழுக்காடு தங்கியிருந்தது.

மறுபடி படிக்கும்போது வரிகள் பழக்கமானவையாகத் தோன்றுகின்றன. ‘இது எனக்குத் தெரியும்’ என்ற நிறைவு உண்டாகிறது. உண்மையில் தெரிந்திருப்பது அந்தப் பக்கத்தின் முகம்தான். பெயர் தெரியாத ஒருவரைத் தினமும் பேருந்து நிறுத்தத்தில் பார்ப்பது போன்றது அது. புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து விடையை இழுத்து எடுக்க முயலும்போது மனம் தடுமாறுகிறது, எரிச்சல்கூட வருகிறது. அந்தத் தடுமாற்றம்தான் நினைவை வலுப்படுத்தும் வேலையைச் செய்கிறது. காலையில் பார்த்தெழுதிய நால்வருக்கும் கிடைக்காமல் போனது இதுவே. விடைகள் அவர்கள் கையின் வழியாகச் சென்றன. நினைவிலிருந்து எதுவும் எடுக்கப்படவில்லை.

கணித வீட்டுப்பாடத்தில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. முதலாம் படிவத்தில் மீச்சிறு பொது மடங்கு கற்பிக்கப்படும் நாளில், வீட்டுப்பாடமாகத் தரப்படும் பத்துக் கணக்குகளும் மீச்சிறு பொது மடங்குக் கணக்குகளாகவே இருப்பது வழக்கம். ஒரு பேருந்து 12 நிமிடங்களுக்கு ஒருமுறையும் மற்றொன்று 18 நிமிடங்களுக்கு ஒருமுறையும் புறப்பட்டால், ஒன்றாகப் புறப்பட்ட இரண்டும் மீண்டும் எப்போது ஒன்றாகப் புறப்படும்? விடை 36 நிமிடங்கள். இதைப் போன்ற பத்துக் கணக்குகளில் முதல் கணக்குக்கு மட்டுமே மாணவர் சிந்திக்கிறார். மற்ற ஒன்பதிலும் கேள்வியை முழுதாகப் படிக்காமலேயே எண்களைப் பொறுக்கி எடுத்து அதே வழியைப் பின்பற்றலாம்.

தேர்வில் அப்படி நடப்பதில்லை. 48 சென்டிமீட்டர், 60 சென்டிமீட்டர் நீளமுள்ள இரு நாடாக்களை மிச்சமின்றிச் சம அளவுத் துண்டுகளாக வெட்ட வேண்டும். ஒரு துண்டின் மிக அதிக நீளம் என்ன என்று அடுத்த கேள்வி வருகிறது. இங்கே தேவைப்படுவது மீப்பெரு பொதுக் காரணி. விடை 12 சென்டிமீட்டர். வகுத்தலும் பெருக்கலும் நன்கு தெரிந்த மாணவரே இங்குத் தடுக்கி விழுகிறார். இரண்டில் எந்த வழி என்று தேர்ந்தெடுக்க அவருக்குப் பயிற்சி கிடைத்ததே இல்லை.

தென் புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டக் ரோரரும் அவருடைய குழுவினரும் இதை ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் சோதித்தனர். 2020இல் வெளியான அந்த ஆய்வில் 54 வகுப்புகள் பங்கேற்றன. எல்லா வகுப்புகளும் சில மாதங்கள் அதே கணக்குகளைச் செய்தன. பாதி வகுப்புகளுக்கு ஒரே வகைக் கணக்குகள் ஒரே தாளில் தரப்பட்டன. மற்ற வகுப்புகளுக்குப் பல வகைக் கணக்குகள் கலந்து தரப்பட்டன. ஒரு மாதம் கழித்து முன்னறிவிப்பின்றி ஒரு தேர்வு வைத்தபோது, கலந்து செய்தவர்கள் சராசரியாக 61 விழுக்காடு பெற்றனர். மற்றவர்கள் 38 விழுக்காடே பெற்றனர். கணக்குகள் மாறவில்லை; அவற்றை அடுக்கிய வரிசைதான் மாறியது. இதற்குக் கூடுதல் செலவோ புதிய கருவியோ தேவைப்படவில்லை என்பது வியப்புக்குரியது.

மலேசியாவில் தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்கு வரும் மாணவர்களுக்கு இன்னொரு சுமையும் சேர்கிறது. தொடக்கப்பள்ளியில் தமிழில் அறிவியலையும் கணிதத்தையும் வரலாற்றையும் கற்றவர்கள், முதலாம் படிவத்தில் அவற்றை மலாய்மொழியில் சந்திக்கின்றனர். அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் பள்ளிகளும் உள்ளன. ஒளிச்சேர்க்கை என்றால் என்னவென்று நன்கு அறிந்த மாணவி, ‘ஃபோத்தோசிந்தேசிஸ்’ என்ற சொல்லைத் தாங்கிய கேள்விக்கு முன் அமைதியாக உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு அறிவியல் வரவில்லை என்று ஆசிரியர் எண்ணக்கூடும். அவளே அப்படி எண்ணத் தொடங்குவதுதான் இன்னும் வருத்தத்திற்குரியது.

இப்படிப்பட்ட மாணவர்தான் பார்த்தெழுதும் ஆசைக்கு எளிதில் ஆளாகிறார். அவரே அதனால் மிகுதியாகப் பாதிக்கப்படுகிறார். புரியாத சொற்களைப் பார்த்தெழுதுவது படம் வரைவதற்கு ஒப்பானது. மாறாக, இலை சூரிய ஒளியில் நீரையும் கரியமில வாயுவையும் கொண்டு உணவு தயாரிக்கிறது என்பதை முதலில் தமிழில் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு, பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய மலாய்ச் சொல்லைத் தேடி எழுதினால், இரண்டு வாக்கியங்களே எழுத முடியலாம். நண்பரின் புத்தகத்திலிருந்து எடுத்த பத்து வாக்கியங்களைவிட அந்த இரண்டும் மதிப்பு மிக்கவை. அவற்றில் பிழை இருந்தால், அது அவருடைய சொந்தப் பிழை. ஆசிரியர் திருத்துவதற்கும் அங்கே ஏதோ ஒன்று இருக்கும்.

வீட்டுப்பாடம் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற கேள்வி பெற்றோரிடையே அடிக்கடி எழுகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாரிஸ் கூப்பர், பல ஆண்டுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார். வீட்டுப்பாடத்திற்கும் அடைவுநிலைக்கும் உள்ள தொடர்பு, தொடக்கப்பள்ளியைவிட ஏழாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களிடம் வலுவாக இருந்தது. ஒரு வகுப்புக்குப் பத்து நிமிடம் என்பது அவர் ஆதரிக்கும் பொதுவான அளவு. அதன்படி ஏழாம் வகுப்பு மாணவருக்கு ஒரு நாளில் எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து 70 நிமிடங்கள். ஐந்து ஆசிரியர்கள் ஒருவரையொருவர் கேட்காமல் ஆளுக்கு அரை மணி நேர வேலை கொடுக்கும் நாளில் இந்தக் கணக்கு எங்கோ போய்விடுகிறது. 2012ஆம் ஆண்டின் பீசா அனைத்துலக மதிப்பீட்டின்போது, பதினைந்து வயது மாணவர்கள் வாரத்திற்குச் செலவிட்ட நேரம் ஷாங்காயில் ஏறத்தாழ 14 மணி, சிங்கப்பூரில் 9 மணி, பின்லாந்தில் 3 மணி. மூன்று இடங்களுமே கணிதத்தில் அனைத்துலகச் சராசரிக்கு மேல் நின்றன. மணிக்கணக்கை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது.

எல்லா வீடுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதும் உண்மை. சில வீடுகளில் படிக்கத் தனி மேசை இருக்காது. சமையலறை மேசையில் இரவு உணவுக்குப் பிறகே இடம் கிடைக்கும். தாயார் தொழிற்சாலையில் மாலை வேலைக்குச் சென்றிருப்பார். தந்தைக்கு மலாய்மொழியில் எழுதப்பட்ட அறிவியல் கேள்வியைப் படித்து விளக்குவது கடினமாக இருக்கும். ‘எனக்கு இதெல்லாம் தெரியாதய்யா’ என்று விலகிக்கொள்ளும் பெற்றோர் பலர் உள்ளனர். சற்று வசதி உள்ளவர்கள் துணைப்பாட வகுப்பைத் தேடுகின்றனர்.

ஆனால், முன்பு கண்ட ஆய்வுகள் சொல்லும் வேலைக்குப் பாடம் தெரிந்த பெரியவர் தேவையில்லை. கேட்பதற்கு ஒருவர் இருந்தால் போதும். இரவு உணவின்போது தந்தை, “இன்றைக்கு அறிவியலில் என்னம்மா படித்தாய்? புத்தகத்தைப் பார்க்காமல் அப்பாவுக்குச் சொல்” என்று கேட்கலாம். மகள் தமிழில் சொல்லத் தொடங்குகிறாள். பாதியில் நிற்கிறாள், கரியமில வாயு உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா என்று குழம்புகிறாள். தந்தைக்கும் விடை தெரியவில்லை. “பொறுங்க அப்பா, பார்த்துட்டு வரேன்” என்று எழுந்துபோய்ப் புத்தகத்தைத் திறக்கிறாள். இம்முறை அவள் எதைத் தேடிப் பக்கத்தைப் புரட்டுகிறாள் என்பது அவளுக்கே தெரியும்.