படிக்காமல் போடும் கையெழுத்து

அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருக்கும் ஒரு தாயிடம், போன கூட்டத்தில் என்ன தீர்மானம் போட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "டீச்சர் கையெழுத்துக் கேட்டாங்க, போட்டுட்டு வந்துட்டேன்" என்பார். சில ஊர்களில் கூட்டமே நடப்பதில்லை. தீர்மானப் பதிவேடு பிள்ளையின் பையில் வீட்டுக்கு வந்து கையெழுத்தோடு திரும்பிப் போகிறது. பிறகு கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்று அதே தாய் புகார் கொடுத்தால், அலுவலகத்தில் அந்தப் பதிவேட்டைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். "அனைத்து வசதிகளும் நல்ல நிலையில் உள்ளன" என்ற வரிக்குக் கீழே அவருடைய கையெழுத்து இருக்கும்.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 21-ஆம் பிரிவுப்படி, குழு உறுப்பினர்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது, மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது மூன்றும் குழுவின் வேலை. அரசு உதவி பெறும் பள்ளிகளில் இந்தக் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு 21-ஆம் பிரிவு பொருந்தாது. ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டும் பெற்றோருக்கு அங்கே சட்டப்படியான நாற்காலி இல்லை. இலவசமாகப் படிக்கும் இடத்தில் நாற்காலி இருக்கிறது, உட்காரத்தான் ஆளில்லை.

எதைக் கண்காணிப்பது? புதுப் பெயின்ட்டையும் ஆண்டு விழா மேடையையும் பார்த்துத் திருப்தி அடைகிறவர்கள் அதிகம். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. ஆகவே 'பாஸ்' என்ற சொல் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதைச் சொல்லாது. இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தியை உங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். 2005 முதல் வெளிவரும் அசர் (ASER) என்ற கற்றல் நிலை ஆய்விலும் இப்படித்தான் வீட்டுக்கே போய், ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக வாசிக்க வைத்துப் பார்க்கிறார்கள். பிள்ளை திணறினால் அடிக்காதீர்கள். பள்ளிக்குப் போய்க் கேளுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிப்பதும், பெற்றோரைத் தவறாமல் கூட்டி முன்னேற்றத்தைச் சொல்வதும் 24-ஆம் பிரிவு ஆசிரியருக்கு விதித்த கடமைகள். அவர் செய்யும் உபகாரம் அல்ல. பள்ளி வேலை நாட்கள் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200, ஆறு முதல் எட்டு வரை 220. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இவற்றைத் தவிர, கற்பித்தலுக்குச் சம்பந்தமில்லாத வேறு பணிக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்கிறது 27-ஆம் பிரிவு. வகுப்பில் ஆசிரியர் இல்லாவிட்டால் எங்கே போனார் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கேட்டதைத் தீர்மானமாக்குங்கள். "குடிநீர் வசதி செய்து தர வேண்டும்" என்று எழுதினால் எந்த அலுவலகமும் அசையாது. எந்தக் கட்டடம், எத்தனை குழாய், எந்தத் தேதியிலிருந்து தண்ணீர் வரவில்லை, யார் சரிசெய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று எழுத வேண்டும். "நான்காம் வகுப்பில் இத்தனை பிள்ளைகள் பத்தி வாசிக்கத் திணறுகிறார்கள், கூடுதல் வகுப்பு இந்த வாரம் தொடங்க வேண்டும்" என்பதும் முறையான தீர்மானமே. எழுதி முடித்ததை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். வரிகளுக்கு இடையே காலி இடம் இருந்தால் கோடு போட்டு அடைத்த பிறகு கையெழுத்திடுங்கள். செல்போனில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றுப் பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். எவ்வளவு தெரிந்த ஆசிரியர் கேட்டாலும் போடாதீர்கள்.

தீர்மானம் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் 32-ஆம் பிரிவு இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது, சொல்ல வேண்டியவர்களும் சொல்வதில்லை. எழுத்து மூலமான புகாரை ஊராட்சி அல்லது நகராட்சிக்கும், வட்டாரக் கல்வி அலுவலருக்கும் முகவரியிட்டு எழுதுங்கள். மேலே 'கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 32-இன் கீழ் புகார்' என்று குறிப்பிடுங்கள். தீர்மான நகலை இணையுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். "வச்சுட்டுப் போங்க, பாத்துக்கறோம்" என்பார்கள். முத்திரை இல்லாமல் திரும்பாதீர்கள், ஏனென்றால் இரு தரப்பையும் விசாரித்து மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். அந்த மூன்று மாதம் எப்போது தொடங்கியது என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் சாட்சி அந்த முத்திரைதான்.

பிள்ளையைப் பழிவாங்குவார்களோ என்ற பயம் நியாயமானது. புகாரைக் குழுவின் பெயரில் பலர் சேர்ந்து கொடுங்கள். ஆவணம் வேண்டுமென்றால் அந்தப் பள்ளியோடு சம்பந்தமில்லாத மாமாவோ சித்தப்பாவோ தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கட்டும். மனுதாரரிடம் காரணம் கேட்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அதுவும் வேண்டாம். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். தீர்மானப் பதிவேட்டின் நகல், ஆசிரியர் வருகைப் பதிவேட்டின் நகல், மானியச் செலவின் ரசீது நகல் என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டுத்தான் நிறையப் பேர் தோற்கிறார்கள்.

32-ஆம் பிரிவுப் புகாரில் முடிவு பாதகமாக வந்தால், சென்னையில் உள்ள மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். மூன்று மாதம் கடந்தும் முடிவே வராவிட்டால், 31-ஆம் பிரிவைக் குறிப்பிட்டு அதே ஆணையத்துக்கு நேரடியாகப் புகார் எழுதுங்கள். முத்திரை வாங்கிய பிரதியின் நகலை அனுப்பி, அசலை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.