ஜீப்பை உயர்த்தினால் மணலில் சிக்காதா?

2017-இல் கடைக்கோடியான அரிச்சல்முனைவரை தார்ச்சாலை திறக்கும்வரை, தனுஷ்கோடிக்கு மணலிலும் கடல்நீரிலும்தான் போகவேண்டியிருந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப்புகளும் வேன்களும் முக்கி முனகிப் போகும். 'வண்டியை இன்னும் கொஞ்சம் தூக்கிவிட்டால் சிக்காதே' என்று உங்களுக்கும் தோன்றுகிறதா?

குனிந்து அடியைப் பாருங்கள். பழைய மகிந்திரா ஜீப்பில், இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங், சக்கரங்களை இணைக்கும் அச்சுக்குக் கீழே இருக்கும். அதைக் கழற்றி அச்சுக்கு மேலே கட்டினால் வண்டி நாலைந்து அங்குலம் எழும்பும்.

ஆனால் எழும்பியது எது?

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறீர்கள். வேட்டி நனையாது, பாதம் சேற்றில்தான். ஜீப்புக்குப் பாதம் அச்சு. அதில், பல்சக்கரங்களை மூடிய உருண்டைக் கூடுதான் மணலை உழுகிறது. அதை உயர்த்துவது பெரிய டயர்தான். ஸ்பிரிங்கைத் தூக்குவது அந்த டயருக்கு இடம் கிடைக்கத்தான்!

இதற்கு விலையும் உண்டு. எடை மேலேறுவதால் வளைவில் வண்டி சாயப் பார்க்கும். அச்சைச் சுழற்றும் தண்டு சாய்ந்து அதிரும். ஸ்டியரிங்கும் பழையபடி நேராக நிற்காது. அனுமதியின்றி இப்படி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் ஏற்காது.

என்னைக் கேட்டால், மணலுக்குச் செலவில்லாத வழி டயரில் காற்றைக் குறைப்பதுதான். டயர் தட்டையாகி அதிக இடத்தில் பதியும். எடை பரவுவதால் புதையாது. தார்ச்சாலை ஏறியதும் காற்றடித்துவிடுங்கள், இல்லையென்றால் வேகத்தில் டயர் சூடேறி வெடிக்கலாம்.