கத்திக்கும் கணக்கு வேண்டும்!

ஆலையிலே தொழிலாளி ஒரு நாளில் எவ்வளவு நூற்றான், எவ்வளவு நெய்தான் என்பதற்குக் கணக்கு உண்டு. நம் கிளைக் கழகம் ஒரு பொதுக்கூட்டம் போட்டால், பந்தலுக்கு எவ்வளவு, ஒலிபெருக்கிக்கு எவ்வளவு என்று வரவு செலவு படித்தாக வேண்டும், படிக்காமல் விடுவீர்களா? விடமாட்டீர்கள்! ஆனால், மார்பகப் புற்று என்று வந்து படுக்கும் தாயின் மீது கத்தி வைக்கிறார்களே, அந்தக் கத்திக்குக் கணக்கு உண்டா? அறுவைக்குப் பின் அந்தத் தாய் ஓராண்டு வாழ்ந்தாளா, ஐந்தாண்டு வாழ்ந்தாளா? எழுதி வைப்பவர் யார்?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக ஒருவர் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் எர்னெஸ்ட் கோட்மன் என்றோர் அறுவை மருத்துவர். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வைத்தார். என்ன நோய், என்ன செய்தோம், ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார், குணமாகவில்லை என்றால் குற்றம் நோயினுடையதா, மருத்துவருடையதா? அத்தனையும் அட்டையில் ஏறும். மூத்தவர் என்பதற்காகப் பதவி உயர்வு தராதீர், முடிவைப் பார்த்துத் தருவீர் என்றார். பெரிய மருத்துவமனை ஏற்கவில்லை. 1914-இல் பதவியை உதறினார். தாமே நடத்திய சிறு மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை 337 பேருக்கு மருத்துவம் பார்த்தார். அதிலே தவறுகள் 123 என்று தம் கைப்பொருள் செலவிட்டு அச்சடித்து ஊருக்கே அறிவித்தார்!

1915-இல் ஒரு கூட்டத்தில் கேலிச் சித்திரம் ஒன்றை விரித்தார். மணலிலே தலையைப் புதைத்த நெருப்புக்கோழி, மருத்துவர்களுக்குப் பொன் முட்டைகளை உதைத்துத் தள்ளுகிறது. செல்வர் கொதித்தனர், செல்வாக்குள்ளோர் சீறினர். மருத்துவர் சங்கத் தலைமை போயிற்று. ஹார்வர்டில் இருந்த ஆசிரியப் பணியும் போயிற்று. 1940-இல் மறைந்தார். அவர் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் வந்ததோ 2014-இல்தான்!

கணக்கைக் கண்டு ஏன் இத்தனை கலக்கம்? கணக்கு, கீர்த்தியைப் பார்ப்பதில்லை என்பதால்தான்.

பால்டிமோர் நகரிலே வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற மேதை, மார்பகம், அதன் அடித்தசை, அக்குள் நெறிக்கட்டிகள் அனைத்தையும் சேர்த்து அகற்றும் பேரறுவையை வகுத்தார். 1907-இல் அவரே தம் கணக்கை அவையில் வைத்தார். நெறிக்கட்டிக்கு நோய் பரவாத 60 பேரில் ஐந்தாண்டு கடந்தும் நலமாக இருந்தோர் 45 பேர். பரவிவிட்ட 40 பேரிலோ, எஞ்சியோர் மூவர்! கத்தி எவ்வளவு ஆழம் போயிற்று என்பதைவிட, நோய் எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதே உயிரை நிர்ணயித்தது. அந்த ஏட்டிலே உண்மை எழுதியிருந்தது. ஆனால் சீடர்களோ, ஆசான் காட்டிய வழி என்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அறுத்துக்கொண்டே இருந்தனர். தோள் சரிந்து, கை வீங்கி வாழ்ந்த பெண்கள் எத்தனை எத்தனை பேர்!

ஏன், எதற்கு என்று கேட்க ஒருவர் வந்தார்: பிட்ஸ்பர்க் நகரின் பெர்னார்ட் ஃபிஷர். 1971-இல் 1,600க்கு மேற்பட்ட பெண்களை வைத்து ஆய்வு தொடங்கினார். தசையோடு அறுத்தாலும், மார்பகத்தை மட்டும் அகற்றினாலும் ஆயுளில் வேறுபாடு காணோம். 1976-இல் தொடங்கிய அடுத்த ஆய்வில் 1,851 பெண்கள். இருபதாண்டு தொடர்ந்து எண்ணி 2002-இல் முடிவை வெளியிட்டார்: மார்பகத்தை முழுதும் அகற்றியவர்களில் பிழைத்திருந்தோர் நூற்றுக்கு 47, கட்டியை மட்டும் அகற்றிக் கதிர் மருத்துவம் பெற்றவர்களில் 46. கதிர் இல்லாவிட்டால் அதே மார்பில் நோய் திரும்பியது நூற்றுக்கு 39 பேருக்கு. கதிர் கொடுத்தால் 14 பேருக்கு. வாதத்தால் முடியாததைக் கணக்கு முடித்தது!

கணக்கிலும் கள்ளக் கணக்கு உண்டு, தோழர்களே! திரும்பி வராதவரை எல்லாம் பிழைத்தவர் பட்டியலில் சேர்ப்பது முதல் மோசடி. தொடக்க நிலையில் வந்தவரையும் முற்றிய நிலையில் வந்தவரையும் ஒரே தட்டில் நிறுப்பது இரண்டாவது. பத்தே பேருக்கு அறுவை செய்த இடத்தில் ஒருவர் இறந்தால் நூற்றுக்குப் பத்து என்று ஏறிவிடும். ஆகவே சிறு மருத்துவமனைகள் பல ஆண்டுக் கணக்கைச் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஒன்றோடொன்று கூட்டிப் பார்க்க வேண்டும்.

புற்றுநோயின் கொடுமையை நமக்கு யாரும் கூறத் தேவையில்லை. 1969 பிப்ரவரி 3-இல் அண்ணனை அது பறித்ததே! அண்ணன் கண் மூடிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் எழுந்தது. நாட்டின் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தில் சென்னை தொடக்கத்திலேயே இடம்பெற்றது.

ஆனால் ஏடு நிறைய வேண்டுமானால், நம் கடமையும் உண்டு. மருத்துவர் குறித்த நாளிலே உங்கள் துணைவியாரை, தாயை, தமக்கையை அழைத்துச் செல்லுங்கள். கூலி போகுமே என்று நிறுத்தாதீர்கள். வீடு மாறினால் முகவரி கொடுங்கள். கட்டி தட்டுப்பட்டால் நாணத்தால் மறைக்க விடாதீர்கள். அந்த 45-க்கும் மூன்றுக்கும் இடையே இருப்பது காலதாமதம்! அறுவைக்கு முன் மருத்துவரிடம் மரியாதையோடு கேளுங்கள்: “ஐயா, இதே நிலையில் உங்களிடம் வந்த பெண்களில் ஐந்தாண்டு கடந்தோர் எத்தனை பேர்?”

நல்ல மருத்துவர் ஏட்டைத் திறப்பார். ஏடே இல்லை என்றால், வைக்கச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. கேட்போம்!