ஊர் நீங்கினும் கை நீங்காத் தொழில்

வயலின் ஒன்றை எடுத்து அதன் பக்கங்களை உற்று நோக்குவோமாயின், ஒரு மில்லிமீற்றர் அளவே கனமுள்ள மெல்லிய மரத்தகடு வளைந்து நிற்பதைக் காண்போம். ஈரத் தகட்டைச் சுடும் இரும்பின்மேல் வைத்து, முறியாவண்ணம் வளைத்தெடுப்பது நெடுநாட் கைப்பழக்கத்தால் வருவது. செக் மொழியில் இவ்வளைந்த பக்கங்களை 'லூபி' என்பர். அச்சொல்லையே பெயராகக் கொண்ட சிற்றூரொன்று பொஹீமியாவின் மேற்கெல்லையில் உண்டு. இரண்டாம் உலகப் போரின் பின்னரே அப்பெயர் அதற்கு ஏற்பட்டது. முன்னர் அது ஷோன்பாக் என வழங்கிற்று. அங்கே தோன்றிய ஹொப்னர் குடும்பத்தின் வரலாற்றை நம் வாசகர்க்கு ஈண்டு எடுத்துரைப்போம்.

ஷோன்பாக்கில் வாழ்ந்தோர் பெரும்பாலும் ஜேர்மன் மொழி பேசியவர்கள். நரம்பு வாத்தியம் செய்தல் அவர்தம் குலத்தொழில் போலவே ஆயிற்று. ஒரு வீட்டில் வயலினின் தலைச்சுருளைச் செதுக்குவர். அடுத்த வீட்டில் ஸ்புரூஸ் மரத்தில் மேற்பலகையை இழைப்பர். மற்றொரு வீட்டில் மேப்பிள் மரத்தில் பின்பலகையைக் கடைவர். வேறொருவர் வில் செய்வார். இவையனைத்தையும் வாங்கி, ஒன்றுசேர்த்து, பிறநாடுகளுக்கு அனுப்புவது வியாபாரியின் பணி. வீடுகளின்றி வியாபாரி இல்லை; வியாபாரியின்றி வீடுகளில் அடுப்பெரிவதில்லை. 1873ஆம் ஆண்டிலே இத்தொழிலைக் கற்பிக்கவென ஒரு பாடசாலையும் அங்கு நிறுவப்பட்டது.

இத்தகைய ஊரில், கார்ல் ஹொப்னர் என்னும் கைவினைஞர் 1887இல் தம் தாபனத்தைத் தொடங்கினார். முதலாம் உலகப் போரின் பின் புதல்வர் ஜோசப்பும் வால்ட்டரும் தந்தையுடன் சேர்ந்தனர். மூத்தவர் வியாபாரத்தையும் இளையவர் வாத்திய அமைப்பையும் கவனித்தனர். ஷோன்பாக்கின் வயலின்களும் கிற்றார்களும் கடல் கடந்து சென்றன.

1938இல் ஹிட்லரின் ஆட்சி அப்பகுதியைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. பின்னர் செக் மக்கள் பட்ட துன்பம் பெரிது. 1945இல் போர் முடிந்ததும், அவ்வாட்சியின் கொடுமைக்கு ஈடாக, செக்கோசிலவாக்கியாவில் வாழ்ந்த ஜேர்மானியர் ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். குற்றம் புரிந்தோரும் புரியாதோரும் ஒருங்கே சென்றனர். வீடும் பட்டறையும் பறிமுதலாயின. இம்மலைநாட்டிற்கு இஃது முதல் முறையன்று. பதினேழாம் நூற்றாண்டிலே மதவேற்றுமை காரணமாக இதனயலிலிருந்து சென்ற வயலின் கைவினைஞர் பன்னிருவர், எல்லைக்கப்பாலுள்ள மார்க்நொய்கிர்கனில் 1677இல் தம் சங்கத்தை அமைத்திருந்தனர்.

இம்முறை சென்றோருட் பலருக்கு ஜேர்மனியின் பவேரியா மாநிலத்துப் பூபன்ரொய்ற் என்னும் உழவர் கிராமம் இடமளித்தது. தன் குடிகளினும் பன்மடங்கு தொகையினரை ஏற்க, 1949ஆம் ஆண்டு அக்கிராமம் இசைந்தது. ஹொப்னர் குடும்பமும் அங்கு வந்து பட்டறை அமைத்தது. முன்போலவே சிறு சிறு கைத்தொழில் வீடுகள் அதனைச் சூழ எழுந்தன.

1956இல் வால்ட்டர் ஹொப்னர் புதியதொரு மின்சார வாத்தியத்தை வெளியிட்டார். அது தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பேஸ் கிற்றார். வயலின் செய்யப் பழகிய அவர், அதற்கும் வயலினின் உருவையே கொடுத்தார். உள்ளீடற்ற உடலாதலால் எடையும் குறைந்தது. 1961இல் ஹம்பேர்க் நகரிலே ஓர் ஆங்கில இளைஞர் அதிலொன்றை விலைக்கு வாங்கினார். பீட்டில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னியே அவர். இடக்கையாற் பாடம் பண்ணும் அவருக்கு, இருபுறமும் ஒத்த அவ்வுரு பொருந்துவதாயிற்று. அகதிகளின் கிராமத்திற் பிறந்த வாத்தியத்தை உலகம் அறிந்துகொண்டது.

1994இல் அத்தாபனம் ஆங்கிலக் கம்பனியொன்றின் கைக்கு மாறியதோடு குடும்பத்தின் உரிமை நீங்கிற்று. மறுபுறம், லூபியிலும் தொழில் அற்றுப்போகவில்லை. போரின் பின் 'கிரிமோனா' என்ற பெயரில் அரசாங்கத் தொழிற்சாலை எழுந்தது. செக் இளைஞர் அங்கு அதே தகட்டை அதே முறையில் வளைக்கக் கற்றனர்.

பறித்தவர்க்குப் பட்டறை கிடைத்தது. பறிகொடுத்தோரிடம் கைத்திறன் எஞ்சியது. வீட்டையும் நிலத்தையும் மக்களுக்கு விட்டுச்செல்ல விரும்பும் பெற்றோர், ஒரு தொழிலையும் அவர்தம் கைக்குப் பழக்கிச் செல்வாராக. மாணவர்களும் இதனை மனத்திற் கொள்ளல் நன்று.