பழைய ஆயிலுக்கு இன்ஜின் வைக்கும் பரீட்சை

சர்வீஸின்போது வண்டியிலிருந்து வடித்தெடுக்கும் கறுப்பு ஆயிலில் பெரும்பகுதி இன்னும் நல்ல எண்ணெய்தான். தீர்ந்துபோவது அதில் கலந்திருந்த சேர்க்கைப் பொருள்கள். கூடவே கரி, உலோகத் துகள், எரியாத பெட்ரோல், தண்ணீர் எல்லாம் சேர்ந்து அதைக் கெடுத்துவிடுகின்றன.

மறுசுத்திகரிப்பு ஆலையில் முதலில் தண்ணீரையும் பெட்ரோலையும் ஆவியாக்கிப் பிரிக்கிறார்கள். பிறகு வெற்றிடத்தில் காய்ச்சி வடிக்கிறார்கள். அழுத்தம் குறைவதால் எண்ணெய் கருகாமல் ஆவியாகி மேலே போகிறது. கசடும் உலோகமும் அடியில் தங்குகின்றன. அடுத்து ஹைட்ரஜன் செலுத்திக் கந்தகம் போன்ற மாசுகளை நீக்குகிறார்கள். கடைசியில் புதிய சேர்க்கைப் பொருள்கள்.

இந்த ஆயிலை நம்பலாமா? நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆகவே நிஜ இன்ஜினில் ஊற்றி ஓட்டுகிறார்கள். அமெரிக்காவில் ‘சீக்வென்ஸ்’ சோதனைகள் என்று இவற்றுக்குப் பெயர். ஒரு சோதனையில், நகர நெரிசலில் நின்று நின்று போகும் காரைப் போல இன்ஜினை 216 மணி நேரம் ஓட்டுவார்கள். அப்படி ஓடும்போது ஆயில் சரியாகச் சூடேறாது. பெட்ரோலும் ஈரமும் அதிலேயே தங்கிக் கசடாகும். பிறகு இன்ஜினைப் பிரித்து, கசடுக்கு மதிப்பெண் போடுவார்கள். 10 என்றால் சுத்தம். இன்னொரு சோதனை 40 மணி நேரம். பேரிங்கை முன்னும் பின்னும் எடைபோடுவார்கள். அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் (ஏபிஐ) எஸ்.என் தரம் பெற, எடை 26 மில்லிகிராமுக்கு மேல் குறையக் கூடாது.

புது ஆயிலுக்கும் இதே வினாத்தாள்தான். அதனால்தான் இந்த முடிவு நம்பத்தக்கது. 1995இல் அமெரிக்க வர்த்தக ஆணையம், ஏபிஐ முறைப்படி தேறிய மறுசுழற்சி ஆயிலை, புதியதற்கு நிகரானது என்று லேபிளில் குறிப்பிட அனுமதித்தது.

வெறுமனே வடிகட்டிய பழைய ஆயில் இந்தக் கணக்கில் வராது. வடிகட்டுவதால், ஆயிலில் கலந்த பெட்ரோல் பிரியாது. தீர்ந்த சேர்க்கைப் பொருளும் திரும்பி வராது. அதை வண்டியில் ஊற்றுவது இன்ஜினுக்குக் கேடு.

இத்தனை பாடு எதற்கு? 159 லிட்டர் கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் மசகு எண்ணெய் சுமார் 2.4 லிட்டர். அதே அளவைத் தர 3.8 லிட்டர் பழைய ஆயில் போதும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. சாக்கடையில் கொட்டும் ஆயில் தண்ணீரைக் கெடுக்கும். ஆலைக்குப் போனால் மறுபடியும் இன்ஜினைக் காக்கும். அடுத்த சர்வீஸில், பழைய ஆயில் எங்கே போகிறது என்று கட்டாயம் கேளுங்கள்.